வெறும் பாக்குதானே? பாக்குக்கு அடிமையாவதைக் கண்டுகொள்ள ஒரு வழிகாட்டி

"புகையிலை போடும் பழக்கம் உண்டா?" என்று பல் மருத்துவர் கேட்பார். "அதெல்லாம் இல்லைங்க, வெறும் பாக்குதான்" என்று பதில் வரும். பல நேரம் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நிம்மதி.

ஆனால் அந்தப் பதிலோடு பேச்சு முடியக் கூடாது. புகையிலை கொஞ்சமும் சேராத பாக்கே மனிதரை அடிமையாக்கும். மது, சிகரெட், காபி வரிசையில் உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் கிளர்ச்சிப் பொருட்களில் பாக்கும் ஒன்று. சுமார் 60 கோடிப் பேர் ஏதோ ஒரு வடிவத்தில் அதை மெல்லுகிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-லேயே பாக்கை, புகையிலை சேர்ந்தாலும் சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வைத்துவிட்டது. சிகரெட்டும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

கல்யாணத்தில், விருந்துக்குப் பிறகு, எப்போதாவது தாம்பூலம் போடுகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. "எனக்கோ என் வீட்டாருக்கோ இது கைமீறிப் போய்விட்டதோ" என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்ன பார்ப்பது, எதை முதலில் செய்வது, யாரிடம் போவது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் படி: வாயில் போவது என்னவென்று பிரித்துப் பாருங்கள்

'வெற்றிலை போடுகிறேன்' என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அதற்குள் நாலு பொருள் இருக்கலாம். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, புகையிலை. ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு.

வெற்றிலை இங்கே முக்கியக் குற்றவாளி இல்லை. அடிமையாக்கும் அரிகோலின் என்ற பொருள் வெற்றிலையில் கிடையாது, பாக்கில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு வாயின் உள்தோலை அரித்து, மற்றதெல்லாம் வேகமாக ரத்தத்தில் ஏற வழி செய்கிறது. புகையிலை நிகோடினைக் கொண்டுவருகிறது. ஆகவே நாலையும் சேர்த்துப் போடுகிறவர் இரண்டு பொருட்களுக்கு ஒரே சமயத்தில் அடிமையாகியிருக்கலாம். இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது பின்னால் நிறுத்தும்போது மிகவும் உதவும்.

பாக்கிலும் வகை உண்டு. கொட்டைப்பாக்கு, களிப்பாக்கு, சீவல், பாக்குத்தூள், பொட்டலத்தில் வரும் வாசனைப் பாக்கு, இனிப்புப் பாக்கு, பான் மசாலா. பொட்டல வகைகளில்தான் எனக்கு அதிகக் கவலை. காய்ந்த பாக்கு செறிவாக இருக்கும், வெற்றிலைகூடச் சேராது, விலை குறைவு, சட்டைப் பையில் கிடக்கும், எச்சிலைத் துப்பாமல் விழுங்கிவிடலாம். யாருக்கும் தெரியாமல் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்க முடியும். வெற்றிலைக்காரர்களைவிடப் பொட்டலக்காரர்களுக்கு வாய் இறுக்க நோய் (கன்னம் இறுகி வாயைத் திறக்க முடியாமல் போவது) குறைந்த ஆண்டுகளிலேயே வருவதாக இந்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பொட்டலத்தைத் திருப்பிப் படியுங்கள். 'புகையிலை இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். அதே பொட்டலத்தில் பாக்கு மெல்லுவது உடல்நலத்துக்குக் கேடு என்ற எச்சரிக்கையும் இருக்கும், இருக்க வேண்டும். குட்காவுக்குத் தடை வந்த பிறகு பான் மசாலாவைத் தனியாகவும் புகையிலைத் தூளைத் தனியாகவும் வாங்கி உள்ளங்கையில் கலந்து போடும் வழக்கமும் பரவியிருக்கிறது. "நான் பான் மசாலா மட்டும்தான்" என்று ஒருவர் சொன்னால், கூட என்ன கலக்கிறார் என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உடம்புக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

முதல் தடவை பாக்கு போட்ட அனுபவம் பலருக்கு நினைவிருக்கும். காது சூடாகும், நெற்றி வேர்க்கும், நெஞ்சை அடைக்கும், தலை லேசாகச் சுற்றும், வாயில் எச்சில் ஊறும். சில நிமிடங்களில் ஒரு சுறுசுறுப்பு வரும், தூக்கமும் பசியும் தள்ளிப்போகும். இதெல்லாம் அரிகோலின் நரம்புகளைத் தூண்டுவதால் வருவது.

தினமும் போடப் போட இந்தத் தலைசுற்றலும் வேர்வையும் நின்றுவிடும். "எனக்கு இப்போ ஒன்றும் செய்வதில்லை, பழகிப்போச்சு" என்று சொல்வார்கள். அது உடம்பு கெடாததற்கு அடையாளம் இல்லை. உடம்பு அந்தப் பொருளுக்குத் தன்னைச் சரிக்கட்டிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். அதே சுறுசுறுப்பு வேண்டுமானால் இனி அளவு கூட வேண்டும். அடிமைத்தனத்தின் முதல் அறிகுறி இப்படி அமைதியாகத்தான் வரும்.

நிகோடின் மூளையில் எந்த ஏற்பிகளை (நரம்புகள் செய்தி வாங்கும் இடங்களை) பிடித்து அடிமையாக்குகிறதோ, அவற்றில் சிலவற்றை அரிகோலினும் தூண்டுகிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் இதைக் காட்டினார்கள். பாக்கை மட்டும் மெல்லுகிறவர்கள்கூட விட முடியாமல் தவிப்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. மனவலிமை இல்லாதவர், ஒழுக்கம் இல்லாதவர் என்று அவர்களைத் திட்டுவது எவ்வளவு அநியாயம் என்பதும் இதிலிருந்து புரியும்.

வேதியியல் பாதிதான். மீதி, பழக்கம் எதோடு ஒட்டிக்கொண்டது என்பதில் இருக்கிறது. இரவு லாரி ஓட்டுகிறவருக்குத் தூக்கம் விரட்ட, கட்டட வேலைக்காரருக்கு மதியப் பசியைத் தள்ளிப்போட, தேயிலைத் தோட்டத்தில் நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அலுப்பை மறக்க, காவலாளிக்குத் தனிமையைக் கழிக்க. எத்தியோப்பியாவிலும் ஏமனிலும் காத் இலையையும், ஆண்டிஸ் மலையில் கோகா இலையையும் உழைப்பாளிகள் மெல்லத் தொடங்கியதும் இதே மாதிரித் தேவைகளால்தான். அந்தத் தேவை என்னவென்று தெரியாமல் பாக்கை மட்டும் பிடுங்கினால், தேவை அப்படியே நிற்கும்.

மூன்றாம் படி: பழக்கமா, அடிமைத்தனமா?

எத்தனை பாக்கு என்ற எண்ணிக்கை மட்டும் இதைச் சொல்லாது. பாக்கோடு இருக்கும் உறவைத்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ள கேள்விகளுக்கு உங்களுக்குள் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். மற்றவருக்காகக் கேட்பதானால், விசாரணை போல இல்லாமல் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

- காலையில் எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன்பே, வாய் தேடுகிறதா?
- ஒரு வருடத்துக்கு முன்பு போட்டதைவிட இப்போது அதிகமா?
- கையிருப்பு தீர்ந்தால் பதற்றம் வருகிறதா? மழையிலோ நடு ராத்திரியிலோ கடை தேடிப் போனதுண்டா?
- நிறுத்திய நாளில் எரிச்சல், தலைவலி, கவனம் சிதறல், தூக்கமின்மை இருந்ததா?
- குறைக்க முயன்று முடியாமல் போனதுண்டா?
- வாயில் எரிச்சல் அல்லது புண் இருந்தும், மருத்துவர் சொல்லியும், தொடர்கிறீர்களா?
- வீட்டாரிடம் அளவை மறைக்கிறீர்களா?
- வாயில் ஒன்றை அடக்கியபடியே தூங்கிப்போவதுண்டா?

ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்றால் கவனமாக இருங்கள். போதைப் பழக்கங்களை அளக்க மனநல மருத்துவர்கள் 11 அடையாளங்களைப் பார்ப்பார்கள். ஒரே வருடத்துக்குள் அவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசானது, 4 அல்லது 5 நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் கடுமையானது என்பது அவர்கள் வழக்கம். மேலே உள்ள பட்டியல் அந்த 11-ன் நகல் இல்லை, நோயைத் தீர்மானிக்கும் சோதனையும் இல்லை. மருத்துவரிடம் போக வேண்டுமா என்று முடிவு செய்ய இது போதும். வெற்றிலை பாக்குக்கென்றே தைவானில் 16 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் உருவாக்கியிருக்கிறார்கள். அடக்க முடியாத தேவை, கூடிக்கொண்டே போகும் அளவு, தீங்கு தெரிந்தும் தொடர்வது என்ற மூன்று விஷயங்களை அது அளக்கிறது. உங்கள் பதில்களையும் இந்த மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் கனக்கிறது என்று தெரியும்.

இன்னொரு அடையாளம் பலர் வெளியே சொல்லக் கூச்சப்படுவது. பாக்கோ புகையிலையோ போட்டால்தான் காலையில் வயிறு கழியும் என்ற நிலை. இரண்டும் குடலைத் தூண்டக்கூடியவை, அதனால் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. "சீரணத்துக்காகத்தான் போடுகிறேன்" என்ற நம்பிக்கையின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கிறது.

நான்காம் படி: வாயைத் திறந்து பாருங்கள்

இந்தப் படியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பழக்கத்தை விடத் தயாராக இல்லாதவர்கூட இதை இன்றே செய்யலாம்.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி திருப்பி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள். அவரவர் கை விரல்தான் அளவு. மூன்றும் சிரமமில்லாமல் நுழைந்தால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டுதான் போகிறது என்றால் பல் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஒன்றே ஒன்று என்றால் நிலை முற்றியிருக்கிறது.

இப்படி வாய் இறுகுவதற்குப் பாக்குதான் முக்கியக் காரணம். பாக்கில் உள்ள பொருட்கள் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவை அதிகமாக உண்டாக்கி, அது கரையாமலும் செய்கின்றன. பாக்கில் இயல்பாகவே அதிகமாக இருக்கும் செம்புச் சத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1952-ல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்த நோயை மருத்துவ உலகம் முதன்முதலாக விவரித்தது. பாக்கை நிறுத்தினால் அது மேலும் முற்றுவதைத் தடுக்கலாம், ஆனால் ஏற்கெனவே இறுகிய இடம் பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை. இந்நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு அது புற்றுநோயாக மாறுகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த நோயாளிகளில் அது 7.6 சதவீதமாக இருந்தது.

வாய் இறுகுவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். ரசமோ ஊறுகாயோ பட்டால் முன்பு இல்லாத எரிச்சல். கன்னத்தின் உட்புறம் இளஞ்சிவப்பு போய் வெளிறிக் கிடப்பது. அடிக்கடி கொப்புளம், வாய் வறட்சி. விசில் அடிக்கவோ பலூன் ஊதவோ முடியாமல் போவது. நாக்கை முழுதாக நீட்ட முடியாதது. இவற்றைக் கண்ணாடி முன்னால், நல்ல வெளிச்சத்தில், பாக்கை அடக்கும் பக்கத்துக் கன்னத்தில் தேடுங்கள்.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, கட்டி, காரணமில்லாமல் ஆடும் பல், விழுங்கும்போது வலி, கழுத்தில் வீக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வலி இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் வலிக்காமலும் இருக்கும்.

கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோயாளிகள், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் இவர்களுக்குப் பாக்கு கூடுதல் ஆபத்து. அரிகோலின் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடியது, சில மனநல மருந்துகளோடு சேர்ந்து உடல் விறைப்பு, நடுக்கம் போன்ற தொல்லைகளையும் தரும். மருந்து எழுதும் மருத்துவரிடம், கேட்காவிட்டாலும், நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

ஐந்தாம் படி: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

உடனே நிறுத்தக் கிளம்பாதீர்கள். ஒரு வாரம் வழக்கம்போல் போட்டுக்கொண்டே, ஒவ்வொரு முறையும் நேரம், இடம், கூட யார், அப்போது மனநிலை என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். போனிலும் குறிக்கலாம், காலண்டர் தாளின் பின்பக்கத்திலும் குறிக்கலாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவருக்குப் பேரப்பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம்.

வாரக் கடைசியில் பார்த்தால் இரண்டு வகை தெரியும். ஒன்று, உடம்பு கேட்டுப் போட்டது. இன்னொன்று, டீக்கடையில் நண்பர் நீட்டியதால், பஸ்ஸுக்குக் காத்திருந்ததால், கை சும்மா இருந்ததால் போட்டது. இரண்டாவது வகையை முதலில் வெட்டுங்கள். அதில் வரும் வெற்றி, முதல் வகையைச் சமாளிக்கும் தைரியத்தைக் கொடுக்கும்.

ஆறாம் படி: நிறுத்தும் நாளும் முதல் மாதமும்

நாள் குறியுங்கள். அடுத்த பத்து பதினைந்து நாட்களுக்குள் இருக்கட்டும், அந்த வாரத்தில் கல்யாணமோ கோயில் திருவிழாவோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவே வீடு, வண்டி, வேலை இடம் எல்லாவற்றிலும் உள்ள கையிருப்பை அப்புறப்படுத்துங்கள். "ஒன்று மட்டும் அவசரத்துக்கு" என்று வைப்பதுதான் பெரும்பாலும் திரும்ப இழுக்கும்.

பாக்கு மட்டும் போடுகிறவர் ஒரேயடியாக நிறுத்தலாம், எரிச்சலும் தவிப்பும் வரும், அதைத் தாண்டிவிடலாம். புகையிலையும் கலந்து போட்டவருக்கு முதல் இரண்டு மூன்று நாள் உச்சமாக இருக்கும், பிறகு இரண்டு முதல் நான்கு வாரத்தில் படிப்படியாக அடங்கும். அதிகமாகப் போட்டவர்களுக்கு நிகோடின் பட்டையோ கம்மோ மருத்துவர் தரக்கூடும். வாய் இறுகியவர்களுக்கும் புண் உள்ளவர்களுக்கும் மெல்லும் கம் ஒத்துவராது, தோலில் ஒட்டும் பட்டை மேல். மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கிப் போடாதீர்கள். பாக்கு அடிமைத்தனத்துக்கென்று தனியாக வழக்கத்தில் உள்ள மருந்து இன்னும் இல்லை, ஆலோசனைதான் முக்கியச் சிகிச்சை. பசிபிக் தீவுகளான குவாமிலும் சைப்பானிலும், புகையிலையை நிறுத்தும் முறையைப் பாக்குக்கு ஏற்ப மாற்றி, 22 நாட்களில் ஐந்து ஆலோசனை அமர்வுகளாக நடத்திப் பார்த்திருக்கிறார்கள்.

ஆசை அலையாக எழும்பும், சில நிமிடங்களில் தணியும். அந்த நிமிடங்களைக் கடத்தத் தெரிந்தால் போதும். ஒரு டம்ளர் தண்ணீரை வாய்வாயாகக் குடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், இடத்தை விட்டு நகருங்கள், யாருக்காவது போன் போடுங்கள். வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் சோம்பு, ஏலக்காய், வறுத்த தனியா, காய்ந்த நெல்லிக்காய், கேரட் துண்டு. வாய் எரிச்சல் உள்ளவர்கள் கிராம்பைத் தவிர்த்துவிடுங்கள். மலச்சிக்கல் வந்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர், கீரை, வாழைப்பழம், காலை நடை. சில நாட்களில் சரியாகிவிடும்.

புகையிலையை விட்டதும் அதற்குப் பதிலாக வாசனைப் பாக்குக்கு மாறுகிறவர்கள் ஏராளம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பாதி அடிமைத்தனம் அப்படியே தொடரும், வாய் இறுகுவதும் தொடரும்.

தாம்பூலத் தட்டு நீட்டப்படும் இடங்களுக்கு முன்கூட்டியே பதில் தயாராக வையுங்கள். "டாக்டர் வேண்டாம்னுட்டார், நான் கும்பிட்டு எடுத்துக்கறேன்" என்று சொல்லி வாங்கிப் பையில் வைத்தால் மரியாதைக்கும் குறைவில்லை. புதிதாக விட்டவர்கள் முதல் சில மாதம் வெறும் வெற்றிலையையும் தவிர்ப்பது நல்லது, அதன் மணமே பாக்கைக் கேட்க வைக்கும்.

ஏழாம் படி: யாரிடம் போவது?

இந்தியாவில் புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி 1800-11-2356. தமிழிலும் பேசலாம். மனத்தவிப்பு அதிகமானால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416. பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பல அரசு மருத்துவமனைகளிலும் புகையிலை நிறுத்த மையங்கள் இருக்கின்றன. புகையிலை என்று பெயர்ப்பலகையில் இருக்கிறதே என்று தயங்காதீர்கள், பாக்கைப் பற்றியும் அங்கே பேசலாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும், போதைச் சிகிச்சைக்கென்றே நடக்கும் டி.டி.கே. மருத்துவமனையிலும் உதவி கிடைக்கும். இலங்கையில் 1948 என்ற எண்.

போகும்போது ஒரு வாரக் குறிப்பைக் கொண்டுபோங்கள். "புகையிலை இல்லை" என்று தொடங்காமல், "பாக்கு போடுகிறேன், இத்தனை வருடமாக, இந்த வகை, இந்தக் கன்னத்தில்" என்று தொடங்குங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

அப்பாவின் பையைத் தேடி எடுத்துக் குப்பையில் போடுவதாலும், எல்லார் முன்னிலையிலும் கறைபடிந்த பல்லைக் காட்டிப் பேசுவதாலும் மறைத்துப் போடுவது மட்டும்தான் வளரும். "அப்பா, மூணு விரல் வச்சுப் பாருங்களேன், நானும் பாக்கறேன்" என்று நீங்களும் சேர்ந்து வாயைத் திறந்து தொடங்குங்கள். அந்த அளவு சொல்லும் செய்தியை எந்த அறிவுரையாலும் சொல்ல முடியாது.

எண்பதைத் தாண்டிய பாட்டி சின்ன உரலில் இடித்துப் போடுகிறார் என்றால், என் கருத்தில், உரலைப் பிடுங்குவது முதல் வேலை அல்ல. முதலில் வாய்ப் பரிசோதனை, அப்புறம் புகையிலையைக் குறைப்பது, அப்புறம் பாக்கின் அளவு. அவர் மனம் ஒப்பி நடக்க வேண்டும். பதினான்கு வயதுப் பையன் விஷயத்தில் இந்த நிதானம் கூடாது. இனிப்புப் பாக்கு மிட்டாய் இல்லை. அவன் பையில் காலிப் பொட்டலம், உடையில் விடாத வாசனை, காரம் சாப்பிட மறுப்பது, வாயை மூடிப் பேசுவது இவற்றைப் பார்த்தால் அந்த வாரமே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அடிக்காமல் கேளுங்கள், எங்கே வாங்கினான் என்று தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதும் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பள்ளித் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள்.

மறுபடி போட்டுவிட்டால்

நடக்கும். பெரும்பாலானவர்கள் ஒரே முயற்சியில் விடுவதில்லை. அன்றே, அடுத்த வேளையே மறுபடி நிறுத்துங்கள், திங்கட்கிழமைக்காகக் காத்திருக்காதீர்கள். எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது போட்டீர்கள் என்று பழைய குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

முழுதாக விட்டவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைக் காட்ட வேண்டும். பல வருடம் போட்டவர்களுக்கு, விட்ட பிறகும் ஆபத்து உடனே மறைவதில்லை. மூன்று விரல் அளவை மாதம் ஒருமுறை வீட்டிலேயே பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். முந்தின மாதத்தைவிடக் குறைந்திருந்தால், ஆறு மாதம் ஆகட்டும் என்று இருக்காமல் உடனே போங்கள்.